சர்க்கஸுக்குத் தடை என்பது குறித்து ஒரு திருத்தம்

சர்க்கஸ் நாடு முழுவதும் தடைசெய்யப்பட்டுவிட்டதால் சென்னையில் இனி கூடாரம் போட முடியாது என்று மேலே நண்பர் ஒருவர் எழுதியிருப்பதைப் பணிவுடன் திருத்த விரும்புகிறேன். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்கீழ் 1998-இல் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை, கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கிக் காட்சிப்படுத்துவதையே தடுத்தது. 2011-இல் உச்ச நீதிமன்றம் தடுத்தது சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதை. உயரத்தில் ஊஞ்சலை விட்ட கை மற்றொரு கையைப் பற்றும்வரை கூடாரமே மூச்சடக்கிப் பார்க்கும் பார் விளையாட்டு, வயதுவந்த கலைஞர்கள் நிகழ்த்தும்போது இவ்விரண்டிலும் அடங்காது. அந்த வியப்பை நம் பிள்ளைகள் தவறான தகவலால் இழந்துவிடக் கூடாது. ஐயமிருப்பவர்கள் அந்த அரசிதழ் அறிவிக்கையையும், உச்ச நீதிமன்ற இணையதளத்தில் 2011 ஏப்ரல் 18 தேதியிட்ட தீர்ப்பையும் தாங்களே படித்துப் பார்க்கலாம்.