என் வீட்டு மின்சாரத்தை எனக்கே காட்டாத செயலி

சேலம் கன்னங்குறிச்சியில், சேர்வராயன் மலை எழத் தொடங்கும் அடிவாரத்தில் எங்கள் வீடு இருக்கிறது. சித்திரை, வைகாசியில் மலைப்பக்கம் கறுத்தால் அரை மணி நேரத்துக்குள் காற்றும் இடியும் இறங்கிவிடும். காற்று இறங்கினால் மின்சாரம் போய்விடும். அம்மாவுக்கு நுரையீரல் நோய் முற்றி, வீட்டிலேயே ஆக்சிஜன் செறிவூட்டி வைத்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் 3 கிலோவாட் சோலார் பேனலும், பேனல், பேட்டரி, மின்வாரிய இணைப்பு மூன்றையும் சேர்த்து இயக்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும், 51.2 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்றும் போட்டோம். பேனலுக்கு மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வந்தது. பேட்டரிக்கு மானியம் இல்லாததால் அதற்கு அம்மாவின் இரண்டு வளையல்கள் போயின. மின்கட்டணத்தைக் குறைப்பதற்காக நாங்கள் இதைச் செய்யவில்லை. மின்சாரம் போன இரவில் அம்மாவின் மூச்சு எத்தனை மணி வரை ஓடும் என்று தெரிந்துகொள்ளவே செய்தோம்.

அந்த ஒன்றைத்தான், இவற்றைக் கண்காணிக்க என் கைப்பேசியில் போட்டுக் கொடுத்த இந்தச் செயலி எனக்குச் சொல்ல மறுக்கிறது.

சென்ற வைகாசியில் ஓர் இரவு எட்டு மணிக்கு மின்சாரம் போனது. செயலியைத் திறந்தேன், பேட்டரி 68 சதவீதம் என்றது. "எத்தனை மணி வரைக்கும் தாங்கும் கண்ணு?" என்று அம்மா கேட்டார். அந்தப் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவு 5.12 யூனிட், 20 சதவீதத்துக்கு வந்ததும் இன்வெர்ட்டர் தானே நிறுத்திவிடும், அப்படியானால் கையில் இருப்பது ஏறக்குறைய இரண்டரை யூனிட் என்று நான்தான் மனத்துக்குள் கணக்குப் போட்டேனே தவிர, இவ்வளவு பணம் வாங்கிய அந்தச் செயலி "இன்னும் இத்தனை மணி நேரம்" என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ஒன்பதரைக்குப் பார்த்தேன், 68. பத்தரைக்குப் பார்த்தேன், 68. செறிவூட்டி ஏறக்குறைய 350 வாட் இழுத்துக்கொண்டிருக்கிறது, இரண்டு விசிறிகள் சுற்றுகின்றன, குளிர்பெட்டி ஓடுகிறது. அப்படியிருந்தும் எண் அசையவில்லை என்றதும் வயிறு கலங்கியது. பேட்டரி வைத்திருக்கும் மாடிப்படி அறைக்கு மழையில் நனைந்துகொண்டே டார்ச்சுடன் ஏறி, இன்வெர்ட்டரின் சிறிய திரையைப் பார்த்தபோது மணி பதினொன்றரை. பேட்டரி 31 சதவீதத்தில் இருந்தது.

மூன்றரை மணி நேரமாக நான் பார்த்துக்கொண்டிருந்தது எட்டு மணிக்குச் செத்துப்போன ஓர் எண். அணைக்க வேண்டியதை ஒன்பது மணிக்கே அணைத்திருந்தால் விடியும்வரை இல்லாவிட்டாலும் இரண்டு மணி வரையாவது ஓட்டியிருக்கலாம். செறிவூட்டி தவிர எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எதிர்வீட்டுத் தம்பியை எழுப்பினேன்; அவர் அந்த மழையில் வண்டி எடுத்துக்கொண்டு போய் ஓர் ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவந்து இறக்கினார். மின்சாரம் வந்தது பன்னிரண்டு நாற்பதுக்கு. சிலிண்டர் கிடைக்காமல், மின்சாரமும் இரண்டு மணிக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை என்னால் எழுத முடியவில்லை.

இதில் என்னை இன்றளவும் கொதிக்க வைப்பது அந்தப் படம்தான். பேனலிலிருந்து இன்வெர்ட்டருக்கும், இன்வெர்ட்டரிலிருந்து பேட்டரிக்கும், வீட்டுக்கும், மின்கம்பத்துக்கும் கோடுகள் போட்டு, அவற்றின் மேல் பச்சைப் புள்ளிகளை ஓடவிட்டிருக்கிறார்கள். தகவல் வருவது நின்று மூன்று மணி நேரம் ஆன பிறகும் அந்தப் புள்ளிகள் ஓடிக்கொண்டே இருந்தன. கடைசியாகத் தகவல் வந்த நேரம் திரையின் அடியில், சாம்பல் நிறத்தில், கண்ணாடி போட்டாலும் படிக்க முடியாத எழுத்தில் இருக்கிறது. நின்றுபோன கடிகாரத்தின் நொடிமுள்ளை மட்டும் பொய்யாகச் சுற்றவிடும் வேலை இது. தகவல் இல்லை என்றால் இல்லை என்று காட்டுங்கள்; எண்ணை அழித்துவிடுங்கள்; புள்ளிகளை நிறுத்துங்கள். இல்லாத ஓட்டத்தை ஓடுவதாகக் காட்டினால் நோயாளி இருக்கும் வீட்டில் அதை நம்பி உட்கார்ந்திருப்பார்கள் என்பது, அந்தத் திரையை வரைந்தவருக்கு ஒரு கணமாவது தோன்றியிருக்க வேண்டாமா?

பொருத்திக் கொடுத்த நிறுவனத்தில் கேட்டேன். "நெட் போயிருக்கும் மேடம், நெட் வந்தா தானா சரியாயிடும்" என்றார்கள். நெட் ஏன் வேண்டும் என்று கேட்டபோதுதான் முழுக்கதையும் தெரிந்தது. இன்வெர்ட்டரின் அடியில் செருகியிருக்கும் டாங்கிள் என்ற சிறிய கருவி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்களைத் திரட்டி, வீட்டு வைஃபை வழியாக எங்கோ வெளிநாட்டில் இருக்கும் சர்வருக்கு அனுப்புகிறது. அங்கிருந்துதான் என் கைப்பேசிக்கு வருகிறது. மாடிப்படி அறைக்கும் அம்மாவின் கட்டிலுக்கும் இடையே பதினெட்டுப் படிகள். அந்தப் பதினெட்டுப் படிகளைக் கடக்க என் வீட்டுத் தகவல் கடல் தாண்டிப் போய்வர வேண்டுமாம்! மின்சாரம் போனால் ரவுட்டர் அணைகிறது. ரவுட்டரைப் பேட்டரி லைனுக்கு மாற்றினேன், மாற்றிய பிறகும் தெருமுனையில் இருக்கும் இணையப் பெட்டிக்கு மின்சாரம் இல்லாததால் இணைப்பு விழுகிறது. மின்சாரம் இருக்கும் நாளெல்லாம் ஒழுங்காகக் காட்டிவிட்டு, மின்சாரம் போன வேளையில் மட்டும் குருடாகிவிடும் கருவியை, மின்தடைக்கான ஏற்பாடு என்று எந்த மனத்தோடு விற்கிறார்கள்?

இன்வெர்ட்டருக்கு வாய் இல்லாமல் இல்லை. ஆர்.எஸ். 485 என்ற, தகவல் கம்பி செருகும் துளை அதில் இருக்கிறது. மோட்பஸ் என்ற பழைய, எளிய, தொழிற்சாலைகளில் பல்லாண்டுகளாகப் புழங்கும் மொழியில் அது தன் எண்களைச் சொல்லவும் செய்கிறது. அந்த டாங்கிளே வீட்டுக்குள் வைஃபை வழியாக நேராகக் கைப்பேசிக்குக் காட்ட முடியும். முதன்முதலில் அமைக்கும்போது தொழிலாளர் தம் கைப்பேசியில் அப்படித்தான் பார்த்தார். அமைத்து முடித்ததும் அந்த வழியைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்.

பூட்டு அது ஒன்றுடன் நிற்கவில்லை. செயலியில் எங்கள் வீட்டின் உரிமையாளர் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. நான் வெறும் பார்வையாளராம். இப்போதைய அமைப்பின்படி, மின்சாரம் இருக்கும்போதே மாலை முதல் பேட்டரியிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொடுத்துக்கொண்டே போய் 20 சதவீதத்தில் நிறுத்துகிறது. கட்டணம் மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு. அன்று மின்சாரம் எட்டு மணிக்குப் போனதால் 68 இருந்தது. அதிகாலை இரண்டு மணிக்குப் போயிருந்தால் அம்மாவுக்கென்று அந்தப் பேட்டரியில் எதுவுமே இருந்திருக்காது. 70 சதவீதத்துக்குக் கீழே மின்தடை இருந்தால் மட்டுமே இறங்க வேண்டும் என்று மாற்றிவைக்க ஒரே ஓர் எண்ணை மாற்றினால் போதும். அந்த எண்ணைத் தொட எனக்கு அனுமதி இல்லை. வளையலை விற்றவருக்கு அனுமதி இல்லை.

இந்தச் செயலி காட்டும் எண்களாவது உண்மையா என்றால், அதற்கும் ஓர் அனுபவம் இருக்கிறது. போட்ட முதல் இரண்டு மாதமும் இரவு நேரத்தில் "வீட்டுப் பயன்பாடு 0" என்றே காட்டியது. செறிவூட்டி ஓடுகிறது, விசிறி சுழல்கிறது, பயன்பாடு பூஜ்யம்! கேட்டபோதெல்லாம் "புது சிஸ்டம், போகப் போகச் சரியாகும்" என்றார்கள். கடைசியில் நானே மின்வாரியத்தின் இருவழி மீட்டருக்கு முன்னால் நின்று, உள்ளே வந்த யூனிட்டையும் வெளியே போன யூனிட்டையும் இரவும் காலையும் நோட்டில் எழுதிப் பார்த்தேன். மீட்டர் உள்ளே வந்ததாகச் சொன்னதைச் செயலி வெளியே போனதாகச் சொல்லிக்கொண்டிருந்தது. மெயின் வயரைச் சுற்றி மாட்டி மின்னோட்டத்தை அளக்கும் சி.டி. வளையத்தின் மேல் ஓர் அம்புக்குறி உண்டு. அதைத் தலைகீழாக மாட்டியிருந்தார்கள். அந்தத் தவற்றால் பகலில் வெளியே போகும் மின்சாரத்தை உள்ளே வருவதாக எண்ணி, அதை ஈடுகட்டப் பேட்டரியையும் வெளியே கொட்டியிருக்கிறது. வளையத்தைத் திருப்பி மாட்ட ஐந்து நிமிடம் ஆனது. ஆள் இருக்கும் வீட்டில் இரவு முழுவதும் பயன்பாடு பூஜ்யம் என்று வந்தால் எங்கோ தவறு என்று சொல்ல, அத்தனை பெரிய சர்வருக்கு இரண்டு மாதத்தில் அறிவு வரவில்லை.

நேரமும் இப்படித்தான். செயலியில் சீன நேரம் இருந்ததால் எங்கள் நாள் இரவு ஒன்பதரைக்கே முடிந்து கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பியது. உச்சிவெயிலின் உற்பத்தி இரண்டரை மணிக்கு வந்ததாகக் காட்டியது. மூன்று தொலைபேசி அழைப்புகளுக்குப் பிறகு அதைத் திருத்தினார்கள்.

சதவீத எண்ணைப் பற்றியும் வாங்குபவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இரும்பு பாஸ்பேட் வகை லித்தியம் செல்லின் மின்னழுத்தம் 3.2 வோல்ட்டை ஒட்டியே நெடுநேரம் அசையாமல் நிற்கும். 80 சதவீதத்துக்கும் 40 சதவீதத்துக்கும் வேறுபாடு மிகச் சிறியது. ஆகவே உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் கூட்டிக் கழித்தே சதவீதம் சொல்லப்படுகிறது. பிசகு சிறிது சிறிதாகச் சேரும், முழுதாக நிரம்பும்போதுதான் சரிசெய்துகொள்ளும். ஐப்பசியில் நாலைந்து நாள் வானம் மூடி, பேட்டரி ஒருமுறைகூட நிரம்பாத வாரத்தில்தான் மின்தடையும் அதிகம், அந்த எண்ணும் நம்பத்தகாதது. 40-இல் இருந்தது சட்டென்று 22-க்கு விழுந்ததை நானே கண்டேன். "பழுது இல்லை மேடம்" என்றார்கள். பழுது இல்லை என்பது எனக்கும் தெரிகிறது. வாரம் ஒருமுறையாவது மின்வாரிய இணைப்பிலிருந்து முழுதாக நிரப்பிக்கொள்ளுங்கள் என்று வாங்கிய அன்றே ஏன் சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி. சொன்னாலும் அதைச் செய்ய எனக்கு அனுமதி கிடையாது என்பது வேறு.

எல்லாவற்றையும் கடிதமாக எழுதி, அவர்கள் அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்கி வந்திருக்கிறேன். உரிமையாளர் கணக்கு என் பெயருக்கு வர வேண்டும். டாங்கிளின் உள்வழிக் கடவுச்சொல் வேண்டும். மின்தடைக்கான இருப்பை 70-க்கு உயர்த்த வேண்டும். அதில் மூன்றாவதைச் செய்ய அவர்கள் ஆள்கூட அனுப்ப வேண்டியதில்லை, இருந்த இடத்திலிருந்தே ஒரு நிமிடத்தில் மாற்றலாம். கடிதம் கொடுத்து இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. இருப்பு இன்னும் 20-இல்தான் நிற்கிறது.