ஓசிடி பயிற்சிக்குக் கண் சிமிட்டும் பாட்டிதான் வேண்டும்

கோலாலம்பூரில் மருத்துவர்களுக்கு விழித்திரையை ஒளியால் குறுக்குவெட்டாகப் படமெடுக்கும் ஓசிடி (OCT) கருவியில் நேரடிப் பயிற்சி வேண்டும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அது சரிதான். ஆனால் இத்தகைய பயிற்சிகளில் பெரும்பாலும் சக டாக்டரையே உட்காரவைத்துப் படம் எடுப்பார்கள். இளம் கண், ஆடாது அசையாது. யார் எடுத்தாலும் நன்றாக வரும்.

பினாங்கில் எங்கள் கிளினிக்குக்கு பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரி ஏறி ஒரு பாட்டி வந்தார். கண் வறட்சி, படம் ஒரே மங்கல். செயற்கைக் கண்ணீர் ஒரு சொட்டு விட்டு, "ரெண்டு தடவை கண்ண மூடித் திறங்க பாட்டி, இப்ப அந்தப் புள்ளியையே பாருங்க" என்றேன். விழித்திரைப் படலங்கள் வரிவரியாகத் தெளிந்தன. 5 மைக்ரான் அளவுக்கு நுணுக்கம் காட்டும் கருவிக்கு அந்த ஒரு சொட்டு தேவைப்பட்டது!

அப்புறம், படலம் மெலிந்திருக்கிறது என்று கருவி காட்டும் அந்தச் சிவப்பு நிறம். விழித்திரையிலுள்ள நரம்பிழைப் படலத்தின் தடிமனைக் கருவி தன் கணக்கிலுள்ள சாதாரணக் கண்களோடு ஒப்பிட்டே நிறம் போடுகிறது. மைனஸ் 8 பவர், அதாவது கடும் கிட்டப்பார்வை உள்ள கண்ணுக்கு, குளுக்கோமா (பார்வை நரம்பைக் கெடுக்கும் நோய்) இல்லாமலே சிவப்பு காட்டலாம். புதிதில் நானும் அப்படி ஒருவரைப் பயமுறுத்தி அனுப்பியிருக்கிறேன். நிறத்தை விட்டு, கறுப்பு வெள்ளைக் குறுக்குவெட்டில் கருவி படலத்தின் எல்லைக் கோட்டைச் சரியான இடத்தில் போட்டிருக்கிறதா என்று பார்க்கப் பழக்க வேண்டும். ஒரு கருவியைச் சுற்றி 20 பேர் நின்றால் அது நடக்காது.