யுவென்டஸை ஃபியட் தொடங்கவில்லை

"இத்தாலியின் யுவென்டஸ் கால்பந்து கிளப்பைத் தொடங்கியதே ஃபியட் கார் கம்பெனிதான், கறுப்பு வெள்ளைச் சட்டையும் அவர்கள் வடிவமைத்தது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

1897இல் டூரின் நகரப் பள்ளி மாணவர்கள் சேர்ந்து ஆரம்பித்த கிளப் அது. ஃபியட் பிறந்ததே 1899இல்! அதன் முதலாளிகளான அன்யெல்லி குடும்பம் கிளப் பொறுப்புக்கு வந்தது 1923இல். குழப்பம் அங்கிருந்து கிளம்பியிருக்கலாம்.

சட்டைக் கதை இன்னும் சுவையானது. முதலில் அணிந்தது இளஞ்சிவப்பு. அது சாயம்போய் வெளுக்கவே, 1903இல் இங்கிலாந்திலிருந்து நாட்ஸ் கவுண்டி அணியின் கோடுபோட்ட சட்டைகளை வரவழைத்தார்கள். 2011இல் புது மைதானத் திறப்பு ஆட்டத்துக்கு அழைத்ததும் அதே நாட்ஸ் கவுண்டியைத்தான்.

சந்தேகமிருந்தால் யுவென்டஸின் அதிகாரபூர்வ இணையதளத்தில் வரலாற்றுப் பகுதியைப் பாருங்கள். அந்தச் செய்தி உங்களுக்கும் வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.