சக்கரத்தை மட்டும் ஏன் கொடுக்கவில்லை?

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் உருவான நியூகோம்ப் ஜாடிகளைப் பற்றி யார் எழுதினாலும் "அந்தக் காலத்திலேயே பெண்களுக்குத் தொழில் கொடுத்தார்கள்" என்று பாராட்டிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். பாராட்ட வேண்டியதுதான், ஆனால் அது பாதிக் கதை.

சோபி நியூகோம்ப் கல்லூரி 1886இல் பெண்களுக்கென்றே தொடங்கியது. ஓவியம் படித்த பெண்கள் அதை வைத்தே பிழைக்க வழி வேண்டும் என்ற எண்ணத்தில்தான் 1890களின் நடுவில் கல்லூரியின் ஓவியப் பேராசிரியர் எல்ஸ்வொர்த் உட்வர்ட் அங்கே மண்பாண்டக் கூடத்தைக் கொண்டுவந்தார். சின்சினாட்டியிலிருந்து வந்த மேரி ஷீரர் அலங்கார வேலையைக் கற்றுக்கொடுத்தார். சரி, ஜாடியை வனைந்தது யார்? ஜோசப் மேயர் என்ற ஆண், ஏறத்தாழ 30 ஆண்டுகள். சக்கரமும் சூளையும் ஆண்களுக்கு. பெண்கள் ஈரமண்ணில் கீறி, நீலமும் பச்சையும் தீட்டலாம், அவ்வளவுதான். பெண்கள் கல்லூரியிலேயே இந்த நிலை!

பெண்ணால் முடியாது என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். அதே காலத்தில் அடிலெய்ட் ரொபினோ என்ற அமெரிக்கப் பெண் பீங்கானைத் தானே வனைந்துகொண்டிருந்தார். 1910இல் அவர் செய்த ஸ்கேரப் (வண்டு) ஜாடியைச் செதுக்க மட்டும் ஆயிரம் மணி நேரம் உழைத்திருக்கிறார்.

அப்புறம், கிடைத்த இடத்திலேயே நியூகோம்ப் பெண்கள் செய்து காட்டியது சாதாரணமில்லை. ஹாரியட் ஜோர், மரி லெபிளாங்க் போன்றவர்களின் ஆரம்பகால ஜாடிகளைப் பாருங்கள், அமெரிக்கத் தென்பகுதியின் செடிகொடிகள் ஜாடியின் உடம்பைச் சுற்றி வளர்வதுபோலவே இருக்கும். ஒன்றைப்போல் இன்னொன்று கூடாது என்பது விதி. அடியில் மேயரின் முத்திரையோடு தீட்டியவளின் முதலெழுத்துகளும் இருக்கும், எனக்கு அதில் தனி மகிழ்ச்சி. 1900 பாரிஸ் கண்காட்சியில் வெண்கலப் பதக்கமும் வந்தது.

1910க்குப் பிறகு பளபளப்பில்லாத மெருகுப் பூச்சு வந்தது, கூடவே ஜாடிகளில் நிலாவும், பாசி தொங்கும் ஓக் மரமும். வாங்குபவர்கள் திரும்பத் திரும்ப அதையே கேட்டார்கள். அந்தக் காட்சியோடு இன்றும் சேர்த்துச் சொல்லப்படும் சேடி ஐர்வின் என்ற நியூகோம்ப் ஓவியரே பிற்காலத்தில், அதையே வரைந்து வரைந்து சலித்துப்போனது என்றும், உயரமான நளினமான ஜாடிக்கு அந்த மரம் பொருந்தவே இல்லை என்றும் எழுதினார். படர்ந்து நிற்கும் மரத்துக்கு அகலமான ஜாடிதானே வேண்டும்? சக்கரம் அவர் கையில் இருந்திருந்தால் அப்படி ஒன்றைத் தானே வனைந்திருப்பார்.