2005-க்கு முன்பே இருந்தது
கிராமங்களுக்கு அரசு மருத்துவம் வந்ததே 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கிய பிறகுதான் என்று மேலே உள்ள கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. அந்த இயக்கத்தால் பணமும் ஆளும் கூடியது, சரி. ஆனால் சர் ஜோசப் போர் (Bhore) என்பவர் தலைமையிலான அரசுக் குழு 1946-லேயே ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பரிந்துரைத்துவிட்டது; 1952 முதல் அவை வரத் தொடங்கின. சென்னை மாகாணத்தில் அதற்கும் முன்பே, 1939-இல், பொதுச் சுகாதாரச் சட்டம் வந்துவிட்டது. அப்புறம், மேலே கருத்து எழுதிய ஒருவர், வீட்டுக்கே வந்து பார்க்கும் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வெறும் விளம்பரம் என்கிறார். 2021 ஆகஸ்டில் அது தொடங்கியதே எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். என் அத்தைக்கு முட்டி வலி, பஸ் ஏற முடியாது. அந்தத் திட்டத்தின் தன்னார்வலர் பெண் வீட்டுக்கே வந்து திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்ப்பார், பழைய மாத்திரை அட்டையை வாங்கி எத்தனை மிச்சம் என்று எண்ணுவார், மிச்சம் இருந்தால் ஏன் விட்டீர்கள் என்று அத்தையைக் கேட்காமல் எழுந்திருக்க மாட்டார். அப்படி வீடுவீடாக நடக்கும் அவருக்குக் கிடைப்பது ஊக்கத்தொகைதான், நிலையான சம்பளம் இல்லை. கட்டுரை முதலில் எழுதியிருக்க வேண்டியது இதைத்தான்.