விளம்பரக் கட்டணம் சரியான அளவுகோலா?
மக்கள் தொடர்பு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அது முந்தைய வாடிக்கையாளர்களுக்குப் பெற்றுத் தந்த செய்திகளின் விளம்பர மதிப்பைக் கேட்டு ஒப்பிட வேண்டும் என்று இங்கே வெளியான கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. செய்தி பிடித்த இடத்தை அளந்து, அதே இடத்துக்கான விளம்பரக் கட்டணத்தால் பெருக்கிச் சொல்லப்படும் அந்தத் தொகை, அந்தச் செய்தியை யார் படித்தார்கள், படித்தபின் என்ன நினைத்தார்கள் என்பதைப் பற்றி எதையும் தெரிவிப்பதில்லை. வாடிக்கையாளரைக் கடுமையாகக் குறைகூறும் செய்திக்கும் அதே கணக்கில் பெரிய தொகை வந்துவிடும். இத்துறையினரே 2010இல் பார்சிலோனாவில் கூடி வகுத்த அளவீட்டுக் கொள்கைகளில், விளம்பர மதிப்பு மக்கள் தொடர்பின் மதிப்பாகாது என்று வெளிப்படையாக அறிவித்திருக்கிறார்கள். தொழிற்சாலைகளுக்கு வால்வு தயாரித்து விற்கும் ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: பொறியாளர்கள் படிக்கும் சிறிய தொழில்நுட்ப இதழில் வெளிவரும் ஒரு பக்கக் கட்டுரை அதற்குப் புதிய வாடிக்கையாளர்களைக் கொண்டுவரக்கூடும், ஆனால் விளம்பர மதிப்பில் அது பெரிய நாளிதழின் துணுக்குச் செய்தியைவிடக் கீழே நிற்கக்கூடும். யாருடைய எண்ணம் எப்படி மாற வேண்டும், அந்த மாற்றத்தை எப்போது, எதைக் கொண்டு அளப்போம், செலவுக்கு வரம்பு என்ன என்பவற்றை எழுத்தில் கொடுத்து, அதற்கு ஒவ்வொரு மக்கள் தொடர்பு நிறுவனமும் சொல்லும் வழியை ஒப்பிடுவதே நியாயமானது. முதல் சந்திப்பில் பேசிய அந்நிறுவனத்தின் மூத்தவர்கள் ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்ணில் படுவதே இல்லை என்று மேலே பின்னூட்டத்தில் ஒரு நண்பர் எழுதியிருப்பதும் முக்கியமானது. அன்றாட வேலையைச் செய்யப்போகிறவர்களை அந்தச் சந்திப்புக்கே அழைத்துவரும்படி தயங்காமல் கேட்கலாம்.