தடை செய்யப்பட்டவர் எழுதிய நோய்க்கால அறிவுரை

கொள்ளைநோய்க் காலத்தில் அரசு வாயை அடைப்பது நியாயம்தான், வதந்தி உயிரை வாங்கிவிடும் என்று நல்லவர்களே சொல்கிறார்கள். அவர்கள் 1527-இல் ஜெர்மனியில் நடந்ததைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

அந்த ஆகஸ்டில் விட்டன்பெர்க் நகரில் பிளேக் புகுந்தது. அங்கிருந்த பல்கலைக்கழகமே யேனா நகருக்கு இடம் மாறியது. கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த மதச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதரையும் கிளம்பச் சொன்னார், அந்த நகர் அடங்கிய சாக்சனி நாட்டின் ஆட்சியாளர். லூதர் கிளம்பவில்லை. மனைவி கர்ப்பமாக இருந்த அந்த வீட்டிலேயே நோயாளிகளையும் வைத்துப் பார்த்தார்கள். அங்கிருந்துதான், சாவுக்குப் பயந்து ஊரை விட்டு ஓடலாமா என்று பிரெஸ்லாவு நகரத்துப் போதகர்கள் கேட்டிருந்ததற்குப் பதில் எழுதி அச்சிட்டார்.

வெறும் பக்தி உபதேசம் இல்லை அது. வீடு, முற்றம், தெரு எல்லாவற்றுக்கும் புகை போடு, மருந்து சாப்பிடு, நீ தேவைப்படாத இடத்துக்குப் போகாதே என்கிறார். நோயை மறைத்துக்கொண்டு ஊருக்குள் நடமாடுபவர்களைத் திட்டித் தீர்க்கிறார். கடைசியில் இடுகாட்டுக்கு வருகிறார். பிணங்களால் காற்று கெடுகிறதா என்பதை மருத்துவர்கள் சொல்லட்டும், ஆனாலும் ஊருக்கு வெளியே புதைப்பதே நல்லது என்கிறார். எங்கள் ஊர் இடுகாடு எப்படி இருக்கிறது தெரியுமா, நாலைந்து சந்தும் இரண்டு மூன்று சந்தையும் சேர்ந்தது போல, ஆளும் மாடும் ராப்பகலாக அதன் வழியே போகிறார்கள் என்று நொந்துகொள்கிறார். தெருவில் நின்று பார்த்தவர் மட்டுமே எழுதக்கூடிய பத்தி அது.

இவர் எழுதிய எதையும் அச்சிடவோ விற்கவோ படிக்கவோ கூடாது என்று 1521-லேயே சாக்சனிக்கும் மேலே இருந்த பேரரசர் ஐந்தாம் சார்லஸ், வோர்ம்ஸ் நகரில் பிறப்பித்த ஆணையில் சொல்லியாகிவிட்டது. சாக்சனி அதை மதிக்காததால்தான் இந்த நூல் வெளிவந்தது. தடை முழுதாகப் பலித்திருந்தால், மதத் தகராறோடு சேர்த்து இந்த அறிவுரையும் புதைந்திருக்கும். தணிக்கை செய்கிறவர் எழுதியவரின் பெயரைத்தான் பார்க்கிறார். உள்ளே எது உயிர் காக்கும் என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

லூதரும் சுத்தமில்லை. தன்னோடு முரண்பட்ட இன்னொரு சீர்திருத்தவாதி கார்ல்ஸ்டாட் 1525-இல் சாக்சனிக்குத் திரும்பியபோது, எழுதக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தார்கள். அதில் லூதருக்குப் பங்குண்டு.

சரி, வதந்தி? அதன் கொடுமையை நான் மறுக்கவில்லை. யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்துதான் பிளேக்கைப் பரப்புகிறார்கள் என்ற பொய்யால் 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் அவர்களை உயிரோடு எரித்தார்கள். ஆனால் அங்கே அவர்களைக் காக்க முயன்ற பழைய நகர மன்றத்தைக் கவிழ்த்துவிட்டு வந்த புதிய மன்றம்தான் அதைச் செய்தது. யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்று முடிவு செய்யும் அதிகாரமும் அன்று அந்த மன்றத்தின் கையில்தான் இருந்திருக்கும்.